நாற்பத்தோராம் பக்கம்

தீர்த்தகிரி மின்வாரியத்தில் ரீடிங் எடுப்பவர்.
காரிமங்கலம் பக்கம் வீடு வீடாக ஏறி இறங்கி
மீட்டருக்கும் மீட்டருக்கும் நடுவில்
கட்டைவிரலாலேயே ஒரு நாவல் எழுதிவிட்டார்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
ஒற்றுப்பிழை மட்டும் பாருங்க மேடம், போதும் என்றார்.
பக்கத்துக்கு எட்டு ரூபாய் என்றேன்.
ஆறு என்றார்.
ஏழு.

நாலு ரோட்டில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே என் அறை.
கீழே மிஷின் ஓடினால் மேசை நடுங்கும்.
அந்த நடுக்கத்தில் உட்கார்ந்து
க் சேர்த்தேன், ப் எடுத்தேன்,
ஒரே மழை மூன்று அத்தியாயம் பெய்தது,
இரண்டில் நிறுத்தினேன்.
அந்த வருஷம் மழையே இல்லையென்று
பதினேழாம் பக்கத்தில்
அவரேதான் எழுதியிருக்கிறார்.

நாற்பத்தொன்றில் நின்றுவிட்டேன்.

‘பவுனு சிரித்தாள். முத்துப் பற்கள் பளிச்சிட்டன.’

ஒற்று சரி. புள்ளி சரி.
சிவப்புக் கோடு போட ஓர் எழுத்துகூட இல்லை.
ஆனால் இந்தப் பவுனு
பிறந்ததிலிருந்து போர் தண்ணீர் குடித்தவள்.
முப்பத்தெட்டில் இருக்கிறது.
இங்கே போர் தண்ணீர் பல்லை என்ன செய்யுமென்று
தருமபுரியில் யாருக்குச் சொல்ல வேண்டும்?

ஓரத்தில் எழுதினேன்:
இந்தத் தண்ணிக்கு முத்து எப்படி?
அழித்தேன்.
ஏழு ரூபாய்க்குள் இந்தக் கேள்வி அடங்குமா?
திரும்ப எழுதினேன். அனுப்பினேன்.

அதற்குள் அவர் ஏற்றிவிட்டிருந்தார்.
இரவு ஒன்றேகாலுக்கு, திருத்தாத பழைய கோப்பு.
பதிப்பகம் என்ற இடத்தில் மகள் பெயர்.
அட்டையில் அருவி,
ஒகேனக்கல் இல்லை, ஏதோ பனி நாட்டு அருவி.
நன்றியுரையில் மனைவி, உதவிப் பொறியாளர்,
சார்ஜர் வாங்கிக் கொடுத்த மச்சான்.
விடிவதற்குள் பதினொரு பேர் ஐந்து நட்சத்திரம்.
அதில் நாலு பேருக்கு அவருடைய இனிஷியல்.
ஒருவர் எடுத்தே போட்டிருந்தார்:
முத்துப் பற்கள்! என்ன ஒரு வர்ணனை!

சரி என்று கணினியை மூடினேன்.
கதவே வைக்காத வீட்டில்
தாழ்ப்பாளுக்கு என்ன கோபம்.

மத்தியானம் வீடியோவில் கூப்பிட்டார்.
பின்னால் யார் வீட்டு நாயோ குரைத்துக்கொண்டிருந்தது.
அவர் முகத்தை அன்றுதான் பார்க்கிறேன்.
மேலுதட்டை இழுத்துப் பிடித்துப் பேசினார்.
அந்தப் பிடி எனக்குத் தெரியும்.
பாலக்கோடு பள்ளியில் குழுப்படம் எடுத்த
ஒவ்வொரு வருஷமும்
இரண்டாவது வரிசையில் நின்று
நான் பிடித்த பிடி.

‘கதையிலாவது நல்லா இருக்கட்டும்னு வெச்சேன் மேடம்.’

அதற்கு ஓரத்தில் எழுத
என்னிடம் குறிப்பில்லை.
அப்ப இருக்கட்டும் சார் என்றேன்.
உதட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான்.
நாய் விடவில்லை. வெச்சிடறேன் என்றார்.

ஒன்பது நாள் கழித்து
வேறு எதற்கோ அந்தப் புத்தகத்தைத் திறந்தேன்.
மழை மூன்று அத்தியாயமும் பெய்தது.
நான் சேர்த்த க் ஒன்றுகூட ஏறவில்லை.
நாற்பத்தொன்று மட்டும் மாறியிருந்தது.

‘பவுனு சிரித்தாள். கை வாய்க்கு போனது.
பாதியில் நின்றது. அப்படியே சிரித்தாள்.’

கீழே மிஷின் ஓடியது.
மேசையைப் பிடித்துக்கொண்டு
இன்னொரு தடவை படித்தேன்.

முதல் நாளே வாங்கியவர்களின் போனில்
பவுனுக்கு இன்னும் முத்துதான் இருக்கும்.
இருக்கட்டும்.

வாய்க்குப் போனது.
ப் வரும் அங்கே.
நம்பரைத் தேடினேன்.
இதற்குக் காசு வேண்டாமென்று
முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.